ஒரு தொடர்கதை நாட்டின் அரசுரிமைச் சிக்கல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வார இதழ் ஒன்றில் வெளிவந்துகொண்டிருந்த வரலாற்றுப் புனைவுத் தொடர் பாதியைக் கடந்த நிலையில், அதில் வரும் கற்பனை நாட்டின் அரச வரிசை முன்னுக்குப் பின் முரணாக இருப்பது தெரியவந்தது. அதை ஆசிரியர் குழுவும் நாவலாசிரியரும் எவ்வாறு கையாண்டனர் என்பதை இந்தக் குறிப்பு விவரிக்கிறது. இதழ், நாவல், பாத்திரங்கள் ஆகியவற்றின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. மன்னர்கள் வரிசை எண்ணால் குறிக்கப்படுகின்றனர். ஆண்டுகள் அனைத்தும் அந்த நாடு தோன்றிய ஆண்டை 1 எனக் கொண்டு கதைக்குள் எண்ணப்படுபவை.

தொடர் தொடங்குவதற்கு முன்பே நாவலாசிரியர் ஒரு பக்க அளவில் அரசர் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தார். முதல் மன்னர் 24 வரையிலும் அவர் மகன் 51 வரையிலும் ஆண்டனர். மூன்றாம் மன்னர் இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு 60-இல் இறந்ததால், அவர் தம்பி நான்காம் மன்னராகி 83 வரை ஆண்டார். அதன்பின் அந்தக் குழந்தையே வளர்ந்து ஐந்தாம் மன்னராக 97 வரையிலும், நான்காமவரின் மகன் ஆறாம் மன்னராக 126 வரையிலும் ஆண்டனர். ஆறாமவர் இறந்த அந்த 126-ஆம் ஆண்டில்தான் கதை நிகழ்கிறது. அரியணைக்கு மூவர் உரிமை கோருகின்றனர்: ஆறாமவரின் மகன், ஐந்தாமவரின் வழிவந்த இளைஞன், நான்காமவரின் மகள் வயிற்றுப் பேரன்.

பட்டியலில் இருந்தவை பட்டமேற்ற ஆண்டும் இறந்த ஆண்டும் மட்டுமே. யார் எப்போது பிறந்தார்கள், எந்த முறைப்படி பட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது என்ற இரண்டும் அதில் இல்லை. மெய்ப்புத் திருத்துநர் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் ஆட்சியாண்டுகளையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து வந்ததால், பட்டியலுக்குள் இருந்த ஓட்டை அவர் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை.

தெரியவந்தவை

31-ஆம் அத்தியாயம் வெளிவந்ததும் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்தாம் மன்னர் 97-இல் இறந்துவிட்டார்; அவருடைய மகன் என்று சொல்லப்படும் இளைஞனுக்கு 126-இல் 20 வயது; அப்படியானால் அவன் பிறந்தது 106-இல், அதாவது தந்தை இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. கடிதத்தில் இதைத் தவிர வேறு விமர்சனமோ கேலியோ இல்லை. கழித்தல் கணக்கைப் போட்டு அடியில் கோடிட்டு அனுப்பியிருந்தார், அவ்வளவுதான்.

உடனே குழு வெளிவந்த அத்தியாயங்கள் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து படித்து, வயது, ஆண்டு, உறவு ஆகியவற்றைச் சொல்லும் வரிகளைத் தனியே எழுதி எடுத்தது. அப்போது மேலும் மூன்று இடறல்கள் கிடைத்தன.

ஏரிக் கரையில் நடக்கும் ஒரு காட்சியில், ஏரிப் பராமரிப்புக்கு நிலம் விட்டதைச் சொல்லும் கல்வெட்டு, ஆறாம் மன்னரின் "யாண்டு 33 ஆவது" என்று தொடங்குகிறது. 97-இல் பட்டமேற்று 126-இல் இறந்தவருக்கு 30-ஆம் ஆண்டுக்கு மேல் கிடையாது. அடுத்தது, 12-ஆம் அத்தியாயத்தில் அமைச்சர் அவையில் எழுந்து, தந்தைக்குப் பின் தலைமகன் என்பதே இந்தக் குலத்தின் வழக்கம், அது ஒருநாளும் மாறியதில்லை என்கிறார். 4-ஆம் அத்தியாயத்திலோ தம்பி பட்டமேற்றதை யாரும் எதிர்க்கவில்லை என்று கதைசொல்லியே கூறுகிறார். கடைசியாக, 83-இலேயே இறந்ததாகச் சொல்லப்பட்ட அரசி ஒருவர் 97-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் ஆரத்தி எடுக்கிறார்.

இந்த நான்கும் ஒரே தன்மையுடையவை அல்ல. அரசியின் செய்தி வெறும் கைப்பிசகு. மற்ற மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை: பட்டம் எந்த விதிப்படி கைமாறுகிறது என்பது எழுதப்படாமலே கதை பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அரியணைப் போட்டியையே மையமாகக் கொண்ட கதையில் இது சிறிய குறை ஆகாது. விதி மாறினால் அதே குடும்பத்தில் வாரிசும் மாறிவிடுவார். 1837-இல் பிரிட்டனுக்கும் ஜெர்மானிய அரசான ஹனோவருக்கும் பொதுவாக இருந்த மன்னர் இறந்தபோது, பிரிட்டன் அவருடைய தம்பி மகளான விக்டோரியாவுக்கும், பெண்களைப் பின்னுக்குத் தள்ளும் விதி கொண்ட ஹனோவர் விக்டோரியாவின் சித்தப்பாவுக்கும் போனது.

முன்வைக்கப்பட்ட வழிகள்

வார இதழ் என்பதால் கால அவகாசம் குறைவாகவே இருந்தது. 32-ஆம் அத்தியாயம் பக்கம் கட்டப்பட்டு அச்சுக்குக் காத்திருந்தது. 33-ஆம் அத்தியாயத்தின் கையெழுத்துப்படி வந்துவிட்டது.

நாவலாசிரியர் முதலில் சொன்ன வழி எளிமையானது. ஐந்தாமவர் இறந்த ஆண்டை 97 என்பதற்குப் பதிலாக 107 என்று மாற்றி ஒரு திருத்தக் குறிப்புப் போட்டுவிடலாம் என்றார். ஆனால் அப்படிச் செய்தால் ஆறாமவரின் ஆட்சி 20 ஆண்டுக்குள் சுருங்கி, 33-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் மோசமாக உதைக்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் தெரியும் போர்வையாக அந்தப் பட்டியல் இருந்தது.

இரண்டாவது வழி, இளைஞனின் வயதை 30 ஆக்குவது. கணக்குக்கு இது பொருந்தும் என்றாலும் கதைக்குப் பொருந்தாது. அவன் ஆசிரியரிடம் பாடம் கேட்கும் காட்சிகள், முதன்முதலாகப் போர்க்களம் பார்த்து வாந்தியெடுக்கும் இடம், அவையில் பேச எழுந்து சொல் வராமல் அமரும் இடம் எல்லாம் 20 வயதை நம்பி எழுதப்பட்டவை. இதைவிடப் பெரிய தடை ஓவியரிடமிருந்து வந்தது. 22-ஆம் அத்தியாயத்துக்கு அவர் வரைந்த படம் இதழின் அட்டையிலேயே வந்திருந்தது: அரும்பு மீசை, தோளில் நிற்காமல் சரியும் உத்தரீயம், இடையில் அளவு பெரிதாகிப்போன வாள்கச்சை. அந்த முகத்துக்கு 30 வயது என்று எந்த வாசகரையும் நம்பவைக்க முடியாது என்று ஓவியர் சொன்னது முற்றிலும் சரி.

மூன்றாவது வழியைச் சொன்னவர், கல்வெட்டுப் படிப்பதில் பழக்கமுள்ள, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். குழு அவரை அணுகியது கல்வெட்டு வாசகத்தைச் சரிபார்க்க மட்டுமே. அவரோ, எதை மாற்றலாம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இதுவரை அச்சான வரிகள் அனைத்தும் உண்மையாக இருக்க அந்த நாட்டில் எத்தகைய வழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார். இந்த ஆய்வில் திருப்புமுனை என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சோழர் வரிசையிலிருந்து கிடைத்தவை

அவர் காட்டிய சான்றுகள் சோழர் வரலாற்றில் பலரும் அறிந்தவையே. ஆயினும் இந்தச் சிக்கலோடு அவை பொருந்திய விதம் குழுவுக்குப் புதிது.

முதலாவது, ஆட்சியாண்டுக் கணக்கு. சோழர்களிடம் தந்தை உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு இளவரசுப் பட்டம் கட்டும் வழக்கம் இருந்தது. அவ்வாறு பட்டம் பெற்றவரின் ஆட்சியாண்டு, முன்னவர் இறந்த நாளிலிருந்து எண்ணப்படாமல், பட்டம் பெற்ற நாளிலிருந்தே எண்ணப்பட்டது. முதலாம் இராசேந்திரனின் ஆண்டுகள் 1012-இலிருந்து எண்ணப்படுகின்றன. இராசராசன் ஆட்சி முடிந்தது 1014-இல். முதலாம் இராசாதிராசனுக்கு 1018-இலேயே பட்டம் கட்டியாகிவிட்டது. தந்தை 1044 வரை ஆண்டதால் இவர் தனித்து ஆண்டது கொப்பத்துப் போரில் இறக்கும் வரை, ஏறத்தாழ 10 ஆண்டுகள்தான். ஆனாலும் இவருடைய ஆட்சியாண்டு எண்கள் 30-ஐத் தாண்டிச் செல்கின்றன. ஆக, தனித்து ஆண்ட காலத்தைவிட ஆட்சியாண்டு எண் பெரிதாக இருப்பதைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து ஆண்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அது தடயம்.

இரண்டாவது, பட்டப்பெயர். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிப் பூண்டனர். நாவலாசிரியரும் தம் நாட்டு மன்னர்களுக்கு இதே பாணியில் இரண்டு பட்டங்களைக் கற்பித்து, தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக மாற்றி மாற்றிக் கொடுத்து வந்திருந்தார். வரலாற்று ஆசிரியர் சுட்டிக்காட்டியது, சோழர் வரிசையில் இந்த மாற்று ஒழுங்கு தப்பும் இடங்களை. ஆதித்த கரிகாலன் பரகேசரி. அவருக்குப் பின் வந்த உத்தம சோழனும் பரகேசரியே. இரண்டாம் இராசேந்திரனின் மகன் இராசமகேந்திரன் இராசகேசரி. பின்னர் அரியணை ஏறிய வீரராசேந்திரனும் இராசகேசரியே. பட்டம் கட்டப்பட்டும் தனித்து ஆளாமலே இறந்துபோனவரின் பட்டப்பெயரை அடுத்து வந்தவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே பட்டம் அடுத்தடுத்து இருவருக்கு வந்தால், அங்கே ஆளாமல் இறந்த ஒரு வாரிசு இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது, இரு கிளைகளுக்கிடையே பட்டம் போய்வருவது. கண்டராதித்தர் மறைந்தபோது அவர் மகன் சிறுபிள்ளை. பட்டம் தம்பி அரிஞ்சயருக்கும் அவர் மகன் சுந்தர சோழருக்கும் போய், பிறகு கண்டராதித்தரின் மகனான உத்தம சோழருக்கு வந்து, அவருக்குப் பின் மீண்டும் சுந்தர சோழரின் மகன் இராசராசரிடம் சென்றது. சிற்றப்பன் உத்தம சோழர் ஆள விரும்பியதால் அருள்மொழி (பின்னாளைய இராசராசர்) அரியணையை ஏற்கவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்தப் பெருந்தன்மை எவ்வளவு மெய் என்பது ஒருபுறம் இருக்க, கிளை மாறிப் பட்டம் போவது நடைமுறையில் சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் விதி எழுதப்பட்டது. மூன்றாமவரின் கிளை, நான்காமவரின் கிளை என்ற இரண்டு பங்காளிக் கிளைகளுக்கிடையே பட்டம் மாறி மாறிச் செல்லும். ஆள்பவர் மறு கிளையில் தக்கவருக்குத் தம் காலத்திலேயே இளவரசுப் பட்டம் கட்ட வேண்டும். பழைய பட்டியலைப் பார்த்தால் மூன்றாமவர் முதல் ஆறாமவர் வரை இந்த விதி அப்படியே நடந்திருப்பது தெரியும். நாவலாசிரியர் தம்மை அறியாமலே இதைக் கடைப்பிடித்திருக்கிறார்.

அதன்படி, ஐந்தாமவர் 93-இலேயே பங்காளி முறையான ஆறாமவருக்கு இளவரசுப் பட்டம் கட்டினார் என்று கொள்ளப்பட்டது. 93 முதலாம் ஆண்டானால் 33-ஆம் ஆண்டு 125-இல் வரும். ஏரிக் கல்வெட்டு ஓர் எழுத்தும் மாறாமல் நின்றது. பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் "எதிராமாண்டு" முறையைப் பயன்படுத்தி, ஒரு முதன்மை ஆண்டோடு கூட்டி எண்ணியதாகச் சொல்லலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஏற்கெனவே அச்சான வாசகத்தில் "எதிர்" என்ற சொல் இல்லாததால் அது கைவிடப்பட்டது.

இளைஞன் ஐந்தாமவரின் மகன் அல்லன், பேரன் என்று முடிவாயிற்று. இடையில் ஓர் இளவரசர் தோன்றினார். அவர் 80-இல் பிறந்தவர். முறைப்படி 118-இல் ஆறாமவரிடம் இளவரசுப் பட்டம் பெற்றவர். 121-இல் எல்லைச் சண்டை ஒன்றில் இறந்தவர். அவருக்கு 26 வயதானபோது பிறந்த மகனே கதையின் இளைஞன். அச்சான பக்கங்களில் பெரும்பாலும் "ஐந்தாமவரின் வழிவந்தவன்" என்றே இருந்தது. மூன்று இடங்களில் மட்டும் "மகன்" என்று இருந்ததை நூலாக்கத்தில் திருத்திக்கொள்வது என்றும், தொடரில் அதற்கு வெளிப்படையான திருத்தக் குறிப்பு இடுவது என்றும் தீர்மானிக்கப்பட்டது. இளைஞன் கையொப்பமிடும் ஓலைகளில் அவன் பூண்டிருந்த பட்டப்பெயர் இப்போது இறந்த தந்தையின் பட்டப்பெயரோடு ஒன்றாகிவிட்டது. இதைத் திருத்த வேண்டும் என்று மெய்ப்புத் திருத்துநர் சொன்னார். வரலாற்று ஆசிரியர் காட்டிய சான்றுகளுக்குப் பிறகு அது அப்படியே விடப்பட்டது. பின்னால் கதைக்கு உதவியது இதுதான்.

அமைச்சரின் பேச்சு திருத்தப்படவில்லை. அவர் ஆறாமவரின் மகனை ஆதரிப்பவர். தமக்கு வேண்டிய வழக்கத்தைத் தொன்மையான வழக்கம் என்று சாதிப்பது அரசியலில் இயல்பு. 34-ஆம் அத்தியாயத்தில் முதிய கணக்கர் ஒருவர் எழுந்து, நான்காமவர் எப்படிப் பட்டமேற்றார் என்ற ஒரே கேள்வியால் அதை மறுப்பதாக எழுதப்பட்டது. பாத்திரம் சொல்வதெல்லாம் நாவலாசிரியரின் கூற்று ஆகாது என்பதால் இந்த முடிவு நேர்மையானதே என்பது என் கருத்து.

ஆரத்தி எடுத்த அரசியின் விஷயத்தில் அத்தகைய முயற்சி எதுவும் செய்யப்படவில்லை. அது வேறொரு அரசி, சிற்றன்னை, அதே பெயர் கொண்ட தங்கை என்றெல்லாம் யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் பிழையைவிட அசிங்கமாக இருந்ததால், "முந்தைய அத்தியாயத்தில் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது" என்று ஒரு வரியில் முடிக்கப்பட்டது. எல்லாப் பிழைக்கும் காரணம் கற்பிக்கத் தொடங்கினால், மற்ற மூன்றுக்கும் சொன்ன காரணத்தையும் வாசகர் நம்பமாட்டார்.

நீண்ட விவாதம் நடந்தது மகள் வயிற்றுப் பேரனைப் பற்றித்தான். இறுதியில் அவனே அரசனாக வேண்டும் என்பது நாவலாசிரியரின் தொடக்கத் திட்டம். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்காதேவியின் வயிற்றில் பிறந்து, வேங்கியிலிருந்து வந்து 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் அவர் மனத்தில் இருந்தார். திருவிதாங்கூரைப் போல மருமக்கள் தாய முறையை (மாமனுக்குப் பின் சகோதரி மகனுக்கு உரிமை செல்லும் முறையை) கொண்டுவந்தால் ஆறாமவரின் அக்காள் மகன் என்ற முறையில் அவனுக்கே உரிமை என்றும் அவர் வாதிட்டார். ஆனால் அந்த முறையை ஏற்றால், அதுவரை மகன்களும் பங்காளிகளும் ஆண்ட ஆறு ஆட்சிகளும் முறையற்றவை ஆகிவிடும். குலோத்துங்கன் வந்ததும், அதிராசேந்திரனோடு நேர்வழி அற்றுப்போன குழப்பமான வேளையில். இங்கோ இரண்டு கிளைகளிலும் ஆண்வாரிசுகள் உயிரோடு இருக்கின்றனர். எனவே அவன் படைபலத்தால் உரிமை கோருபவனாக இருக்கலாமே தவிர, முறையால் உரிமையுள்ளவனாக இருக்க முடியாது என்று குழு கருதியது. நாவலாசிரியர் அரைமனத்தோடு இசைந்தார்.

பின்விளைவு

32-ஆம் அத்தியாயம் இருந்தபடியே வெளிவந்தது. 33-ஆம் அத்தியாயம் திரும்ப எழுதப்பட்டது. ஏரி மதகின் அருகே பாதி மண்ணில் புதைந்துகிடந்த ஒரு கல்லை இளைஞனின் ஆசிரியர் கழுவி, பொறிப்புகளில் சுண்ணாம்பைத் தடவி, எழுத்து எழுத்தாகப் படிக்கும் காட்சி அதில் சேர்க்கப்பட்டது. இளைஞனின் பட்டப்பெயர், ஆனால் வேறொருவரின் இயற்பெயர், "யாண்டு 3 ஆவது". எதிரிகள் அதைக் கள்ளக் கல்வெட்டு என்கின்றனர். பட்டம் கட்டப்பட்டு ஆளாமல் இறந்த இளவரசரின் 120-ஆம் ஆண்டுக் கொடை அது என்பது அடுத்த அத்தியாயங்களில் நிறுவப்படுகிறது. வயதுக் கணக்கைச் சரிசெய்வதற்காகப் புகுத்தப்பட்ட ஒருவர், வழக்கின் முக்கியச் சான்றாக மாறிவிட்டார்.

வாசகர் வரவேற்பு ஒருமுகமாக இல்லை. முதலில் கடிதம் எழுதியவர் நிறைவு தெரிவித்தார். கல் கிடைத்தது மிகவும் வசதியான வேளையில் கிடைத்திருக்கிறது, ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது என்று வேறு சிலர் எழுதினர். அந்த மதகு அதற்கு முன் எந்த அத்தியாயத்திலும் இடம்பெறாததால் அந்தக் குறை நியாயமானதே. நூலாக்கத்தில் 9-ஆம் அத்தியாயத்திலேயே மதகும் கல்லும் ஒரு வரியில் வந்துபோகுமாறு செய்யப்பட்டது.

எதிர்பாராத விளைவு கதை முடிவில் நேர்ந்தது. ஆறாமவரின் மகன் கலகம் செய்து தோற்க, இளைஞன் ஏழாம் மன்னனாகிறான். எந்த விதி அவனுக்கு அரியணை தந்ததோ அதே விதிப்படி, அவன் மறு கிளைக்கு இளவரசுப் பட்டம் கட்ட வேண்டும். அந்தக் கிளையில் எஞ்சியிருப்பவன் கலகக்காரனின் சிறுவயது மகன். இதைத் தவிர்க்க அவையோர் சொல்லும் வழிகள் அனைத்தும் 12-ஆம் அத்தியாயத்தில் அமைச்சர் சொன்ன "தந்தைக்குப் பின் தலைமகன்" என்ற வாதத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன. கடைசி ஐந்து அத்தியாயங்கள் இந்த நெருக்கடியிலிருந்தே எழுந்தன. மகள் வயிற்றுப் பேரன் எல்லைப்புற ஆட்சியோடு நின்றுவிடுகிறான். அவன் பகுதி சற்று இளைத்துப்போனது என்பதை மறுப்பதற்கில்லை.

மாற்ற வேண்டியவை

இனி எந்தத் தொடரானாலும், அரச வரிசை உள்ள கதையின் கையெழுத்துப்படியோடு கொடிவழிப் பட்டியலும் கேட்டுப் பெறப்படும். அதில் பிறந்த ஆண்டு, இளவரசுப் பட்டம் பெற்ற ஆண்டு, தனியாட்சி தொடங்கிய ஆண்டு, இறந்த ஆண்டு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஆளாமல் இறந்தவர்களும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான வயது வேறுபாடு 16-க்குக் கீழோ 50-க்கு மேலோ சென்றால் மெய்ப்புத் திருத்துநர் நிறுத்திக் கேட்பார். சராசரி ஆட்சிக்காலமும் ஒருமுறை பார்க்கப்படும். சோழர் வரிசையில் ஏறத்தாழ 430 ஆண்டுகளுக்குச் சுமார் 20 மன்னர்கள் வருகின்றனர். இதிலிருந்து வெகுவாக விலகும் கற்பனை நாடு இருக்கக் கூடாது என்றில்லை. அதற்கான காரணம் கதைக்குள் இருக்க வேண்டும்.

விதியை வாசகருக்கு எப்போது சொல்வது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது. தொடக்கத்திலேயே சொன்னால் போட்டியின் விறுவிறுப்புக் குறையும் என்கிறார் நாவலாசிரியர். வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டுள்ளது.

நூலின் முன்பக்கத்தில் அச்சிடப்பட்ட கொடிவழியில் அரசியர், மகள்கள் பலருக்குப் பிறந்த ஆண்டு இன்னும் இடப்படவில்லை. இரண்டாம் பாகத்தில் கலகக்காரனின் மகனுக்கு மணம் பேசும் பகுதி வருவதால், யாருக்கு யார் அத்தை மகள், யார் தங்கை முறை என்பது அங்கே கட்டாயம் கேள்வியாகும். முதல் அத்தியாயம் அச்சுக்குப் போகுமுன் அந்தக் கட்டங்களை நிரப்பித் தருவதாக நாவலாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.